தார் போட்ட வீட்டுப் பாதை கெட்டால்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில், பிரதான வீதிக்குக் கொஞ்சம் மேலே. கேட்டிலிருந்து வாசல் வரை பாதை 60 அடி நீளம், 10 அடி அகலம். இந்த 60 அடிக்கு இதுவரை மூன்று தடவை தார் போட்டாயிற்று. முதல் இரண்டும் போன விதத்தில் நிறையப் படித்தேன். அப்புறம் சித்தப்பா வீடு, கீழ் வீட்டு அக்கா, பண்டாரவளையில் மைத்துனர் என்று எங்கே தார் பெயர்ந்தாலும் "ஒருக்கா வந்து பாருங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். எல்லோரும் தாரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் போக வழி இல்லாமல் அடித்தளம் ஊறிக் கிடக்கும்.

உங்கள் பாதையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு குறைந்த காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து முடிக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம். கையில் ஒரு வாளி, 6 அடி நேர்ப்பலகை, அளவு நாடா, பழைய ஸ்க்ரூ டிரைவர், ஒரு தீப்பெட்டி இருந்தால் போதும்.

மழை விட்டும் தண்ணீர் தேங்கி நிற்கிறது

மழை விட்டு ஒரு மணித்தியாலம் பொறுங்கள். அதற்குள் வடிந்துவிட்டால் அது கோளாறே இல்லை.

வடியவில்லையென்றால் முதலில் கானைப் பாருங்கள். சவுக்கு இலையும் மண்ணும் சேர்ந்து ஒரு வாரத்தில் கானை அடைத்துவிடும். மண்வெட்டி எடுத்தால் அரை நாள் வேலை.

கான் சுத்தம், ஆனாலும் தண்ணீர் அங்கே போகவில்லையா? தாரின் ஓரத்தில் குந்தியிருந்து பாருங்கள். ஓரத்துப் புல் வருடா வருடம் மண்ணைப் பிடித்து வளர்ந்து, தாரைவிட ஓர் அங்குலம் மேடாகி வரப்புப் போல நிற்கும். தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் பாதைக்குள்ளேயே கிடக்கும். கீழ் வீட்டு அக்காவுக்கு முழுப் பாதையையும் உடைத்துப் போட வேண்டும் என்று ஒருவர் கணக்குச் சொல்லியிருந்தார். இரண்டு பேர் சேர்ந்து அந்தப் புல்வரப்பைச் செதுக்கி எறிந்ததும் தண்ணீர் தானாகப் போனது.

ஓரிடத்தில் மட்டும் பள்ளம் என்றால், பலகையைக் குறுக்கே வைத்து அதற்கும் தாருக்கும் நடுவே தீப்பெட்டியைப் படுக்க வைத்து நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் அப்படியே விடலாம். தாராளமாக நுழைந்தால் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டித்தான் நிரப்ப வேண்டும். மேலே மெல்லிசாகப் பூசுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பளம் போல உரிந்து வரும்.

பாதை முழுவதும் வீட்டுப் பக்கம் சரிந்திருந்தால் செலவு இருக்கிறது. ஆனால் அதற்கும் தார்க்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை. வாசலுக்கு முன்னால் குறுக்கே ஒரு கான் வெட்டி, கம்பி மூடி போட்டு, பக்கத்துக் கானோடு சேர்க்க ஒரு மேசன் பாஸ் போதும். தண்ணீர் அத்திவாரத்துக்குக் கீழே இறங்குகிறது, அல்லது கீழ் வீட்டு மதிலில் முட்டுகிறது என்றால் மட்டும் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சல்லி கழன்று வருகிறது

புதுத் தாரில் முதல் சில வாரங்கள் கொஞ்சம் சல்லி உதிரும். அது வழமைதான். இரண்டாவது தடவை எங்கள் வீட்டில் அது நிற்கவே இல்லை. அம்மா காலையில் தும்புத்தடியால் கூட்டினால் ஒரு சாணிக்கூடை சேரும். மூன்று மாதம் கழித்தும் அதே கூடை. "தார் வாங்கினோமா, சல்லி வாங்கினோமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

எங்கே கழல்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

வாகனம் நிற்கும் இடத்தில் வட்டமாக மட்டும் என்றால் டீசலோ எண்ணெயோ ஒழுகியிருக்கிறது. டீசலும் மண்ணெண்ணெயும் தாரைக் கரைத்துவிடும். முதலில் வண்டியைத் திருத்துங்கள். அப்புறம் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாரும் சல்லியும் சேர்ந்த புதுக் கலவையால் நிரப்புங்கள்.

பாதை பழையது, நிறம் சாம்பலாகிவிட்டது, பரவலாக மணல் மணலாக உதிர்கிறது என்றால் வெயிலும் வருடமும் செய்த வேலை. அடித்தளம் உறுதியாக இருந்தால் தார் எமல்ஷன் (தண்ணீரில் கலந்து வரும் தார்) தெளித்து மேலே மணல் தூவினால் இன்னும் சில வருடம் ஓடும்.

பாதை புதிது, லொறி கடைசியாகக் கொட்டிய பகுதியில் மட்டும் கழல்கிறது என்றால் கலவை ஆறிப்போய் வந்திருக்கிறது. எங்களுக்கு நடந்தது இதுதான். ஜூலை மாதம், சாரல். டிப்பர் தூரத்திலிருந்து, மேலே படங்கு இல்லாமல் வந்தது. எனக்குச் சந்தேகம். கொந்தராத்துக்காரர் சிரித்துக்கொண்டே, "சூடு இருக்கு தம்பி, வேணும்னா கை வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். கதகதவென்று இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. அப்போது எனக்குப் புரியவில்லை. கலவை உலையை விட்டுக் கிளம்பும்போது சுமார் 150 பாகை செல்சியஸ் இருக்கும். 85க்குக் கீழே போனால் ரோலர் மேலே ஓடுமே தவிர, கல் இறுகாது. கை வைத்துக்கொண்டு நிற்க முடிகிறதென்றால் அது 60கூட இல்லை. மனுஷன் தன் பிழைக்குத் தானே சாட்சி சொல்லியிருக்கிறார்!

இன்னொன்று: குவியலின் மேல் ஓடு முதலில் ஆறிவிடும். அதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மண்வெட்டியால் கிளறி உள்ளே பாருங்கள், கையை நுழைக்க வேண்டாம். கறுப்பாக மினுங்கி, தளர்வாகச் சரிந்தால் நல்லது. கட்டி கட்டியாக, மங்கலாக விழுந்தால் திருப்பி அனுப்புங்கள். நீலப்புகை வந்தால் அதிகமாகச் சுட்டுத் தாரைக் கருக்கியிருக்கிறார்கள். அதுவும் ஆகாது.

எல்லா இடமும் ஒரே மாதிரிக் கழல்கிறதா? வெயில் நேரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கல்லைக் கிண்டி எடுங்கள். கல்லின் எல்லாப் பக்கமும் கறுப்பாக இருக்க வேண்டும். பாதிக் கல் வெறுங்கல்லாகத் தெரிந்தால், ஒன்றில் தார் குறைவு, இல்லையென்றால் ஈரக் கல்லில் கலந்திருக்கிறார்கள். இதற்குக் கைவைத்தியம் இல்லை. கழன்றதைப் பெருக்கி எடுத்து, எமல்ஷன் அடித்து, மேலே ஒன்றரை அங்குலமாவது புதுப் படை போட வேண்டும். போட்டவரையே கூப்பிட்டு அந்தக் கல்லைக் கையில் கொடுங்கள்.

வெடிப்பு விழுகிறது

வெடிப்பின் வடிவத்தைப் பாருங்கள். நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மயிரிழை மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள்.

பாதையின் நடுவே நேர்கோடாக ஒன்று ஓடினால் அது இரண்டு படைகள் சந்தித்த மூட்டு. ஒரு பக்கம் ஆறிய பிறகு மறு பக்கம் போட்டிருப்பார்கள். வெயில் நாளில் புல்லைப் பிடுங்கி, மண்ணை ஊதி எடுத்துவிட்டு, எமல்ஷனில் மெல்லிய மணல் குழைத்து இறக்குங்கள். பென்சில் நுழையும் அகலம் வரை இது நீங்களே செய்கிற வேலை.

குளம் வற்றினால் சேறு வெடிப்பது போலக் கட்டம் கட்டமாக இருந்தால் அடித்தளம் போய்விட்டது. உறுதி செய்ய ஒரு வழி: நல்ல மழைக்கு அடுத்த நாள் யாரையாவது வண்டியை மெதுவாக அதன் மேல் ஓட்டச் சொல்லுங்கள். வெடிப்புக்குள்ளிருந்து சேற்றுத் தண்ணீர் பிதுங்கினால் கீழே ஊறிக் கிடக்கிறது. அந்த இடத்துக்கு மேலே எத்தனை அங்குலம் தார் போட்டாலும் அடுத்த மழைக்கு அதே கட்டம் மேலே வரும். நாங்கள் முதல் தடவை போட்டதை இப்படித்தான் மூடினோம், அதுதான் இரண்டாவது தடவை ஆனது. வெட்டி, சேற்றை அள்ளி, காய்ந்த மண் தெரியும் வரை இறங்கி, ஏபிசி (அடித்தளத்துக்குப் போடும் சல்லியும் கல்தூளும் சேர்ந்த கலவை) கொட்டிப் படை படையாகத் தட்டி, அப்புறம்தான் தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் இதற்கும் காசு செலவழிக்க வேண்டாம். மேல் பக்கத்துக் கான் பூசப்படாமல் மண் கானாக இருந்தால் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

பிறை மாதிரி வளைந்த வெடிப்பு, அதன் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கொஞ்சம் இறங்கி நிற்கிறது: இது தார்க் கோளாறு இல்லை. தரை நகர்கிறது. வெடிப்பு பாதையோடு முடியாமல் புல்லுக்குள்ளும் போகிறதா, வீட்டுக் கதவோ ஜன்னலோ திடீரென்று இறுகுகிறதா, கம்பமோ மரமோ சாய்ந்திருக்கிறதா, முன்பு இல்லாத இடத்தில் ஊற்றுக் கசிகிறதா, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் கொந்தராத்துக்காரரைக் கூப்பிட வேண்டாம். கிராம சேவகரிடம் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அறிவியுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பார்த்துச் சொல்கிறவர்கள் அவர்கள்தான். கடும் மழை பெய்துகொண்டிருந்தால் அளந்துகொண்டு நிற்க வேண்டாம். வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்குப் பிறகும், இந்த மாதிரி வெடிப்பைத் தாரால் பூசி மறைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசினால் அது நகர்வது உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். ஆட்கள் வந்து பார்க்கும் வரை, நின்று வேலை செய்வது ஆபத்தில்லாத இடமென்றால், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் பொலித்தீன் விரித்து வைக்கலாம்.

ஓரம் உடைந்து விழுகிறது

தாருக்கு ஓரத்தில் பிடிமானம் வேண்டும். ஓரத்து மண்ணை மழை அரித்துப் போனால் தார் நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கும், சில்லு ஏறியதும் உடையும். உடைந்ததை நேராக வெட்டி, ஓரத்தில் ஓர் அடி அகலத்துக்குக் கிறவல் போட்டு, தாரின் மட்டத்துக்குத் தட்டுங்கள். லொறி திரும்பும் இடமென்றால் கொங்கிரீட் கட்டு ஒன்று.

பள்ளத்துப் பக்கத்து ஓரம் மட்டும் திரும்பத் திரும்ப உடைந்தால் அந்தப் பக்கம் மண் நிரப்பிய பக்கமா என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். நிரப்பு மண் சுவர் இல்லாமல் நிற்கிறதென்றால் தாங்கு சுவர் வேண்டும். அது பொறியியலாளர் வரைந்து தர வேண்டிய வேலை, பாஸின் கண் மட்டத்துக்கு விடும் வேலை இல்லை.

குழி விழுந்துவிட்டது

ஒற்றைக் குழி என்றால் நீங்களே மூடலாம். வட்டமாக இருப்பதைச் சதுரமாக, சுவர் செங்குத்தாக வெட்டுங்கள். சேறு முழுவதையும் எடுங்கள். அடியில் ஏபிசி போட்டு இடியுங்கள். சுவரிலும் அடியிலும் எமல்ஷன் தடவுங்கள். கலவையை இரண்டிரண்டு அங்குலமாகப் போட்டு ஒவ்வொரு தடவையும் இடியுங்கள். கடைசியில் அரை அங்குலம் மேடாக விடுங்கள், வண்டி ஏறி ஏறி மட்டமாகும். பல குழிகள் வரிசையாக விழுந்தால் மேலே ‘கட்டம் கட்டமாக’ என்ற பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

டயர் தடம் பதிகிறது

போட்டு ஒரு வாரத்துக்குள் என்றால் பொறுமையாக இருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டாம், மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கீழே பலகைத் துண்டு வையுங்கள். மாதங்கள் கழித்தும் பதிந்து, மேலே கண்ணாடி போல மினுங்கினால் தார் கூடிப்போயிருக்கிறது. சுடும் மத்தியானத்தில் கரடு மணல் தூவி வண்டியை ஓட்டுங்கள். சில தடவை செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஏற்றத்தில் சில்லு சுழல்கிறது

பாசிதான் முதல் காரணம். நிழல் விழும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள், மேலே கவிந்த கிளையை வெட்டுங்கள். அப்படியும் சுழன்றால் ஏற்றத்தை அளந்து பாருங்கள்: 10 அடி நீளத்துக்கு ஒன்றரை அடிக்கு மேல் ஏறினால், என் அபிப்பிராயத்தில் அங்கே தாரே தப்பு. கோடு கீறிய கொங்கிரீட் போடுங்கள். இதைச் சொன்னால் தார்க்காரர்களுக்குப் பிடிக்காது.

தாரைத் துளைத்துக்கொண்டு புல் வருகிறது

தார் மெல்லிசு. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அளந்து பாருங்கள். உருட்டிய பிறகு 2 அங்குலம் இருக்க வேண்டும். போடும்போதே பிடிக்க வேண்டுமென்றால் கணக்கு இருக்கிறது. எங்கள் பாதை 600 சதுர அடி. 2 அங்குலத்துக்கு 100 கன அடி, அதாவது சரியாக ஒரு கியூப். இறுகிய கலவை ஒரு கியூப் ஏறக்குறைய ஆறரை டன். முதல் தடவை வந்த லொறியின் எடைச் சிட்டையைப் பிறகு தேடி எடுத்துப் பார்த்தேன்: மூன்று டன்னும் கொஞ்சமும். ஓர் அங்குலம்கூடச் சரியாக வராது. சிட்டையை அன்றைக்கே வாங்கிப் பாருங்கள்.

வேலை தொடங்குமுன் கொந்தராத்துக்காரரிடம் தெரியும் கோளாறுகள்

மேலே உள்ளதில் பாதி இங்கேயே தடுக்கக் கூடியது.

"ரோட்டு வேலையில மிஞ்சின தார், இன்னைக்கே போட்டா பாதி விலை" என்று கேட்டுக்கு வருகிறவர். மிஞ்சிய தார் வரும் வழியிலேயே ஆறிக்கொண்டிருக்கிறது, அடித்தளம் போட அவருக்கு நேரமும் இல்லை. வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மதிப்பீட்டில் ‘தார் போடுதல்’ என்று ஒரே வரி. திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்: இறுகிய பிறகு ஏபிசி எத்தனை அங்குலம் (கார், வான் மட்டும் போகும் வீட்டுக்கு 6 நல்லது), உருட்டிய பிறகு தார் எத்தனை அங்குலம், சரிவு எந்தப் பக்கம், கான் யார் வேலை, மழை வந்தால் என்ன செய்வார். ‘உருட்டிய பிறகு’ என்ற சொல் முக்கியம். இரண்டரை அங்குலம் பரப்பினால்தான் உருட்டி இரண்டு வரும். ஏபிசியும் அப்படித்தான். எங்கள் பாதைக்கு 6 அங்குலம் என்றால் இறுகி மூன்று கியூப். கொட்டும்போது நாலுக்குக் கிட்ட வர வேண்டும்.

கானைப் பற்றிக் கேட்கவே இல்லை. இதை நான் பெரிய அறிகுறியாக எடுக்கிறேன். எங்கள் மூன்றாவது ஆள் நாடாவை எடுக்குமுன் ஒரு வாளி தண்ணீர் கேட்டார். குடிக்கவாக்கும் என்று அம்மா செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தார். வாளி வந்ததும் பாதையின் தலைப்பில் ஊற்றிவிட்டு, தண்ணீரோடு கூடவே நடந்து போனார். நடுவழியில் அது வாசல் பக்கம் திரும்பியது. "அண்ணே, தார் பிறகு பேசலாம், முதல்ல இதைத் திருப்பணும்" என்றார். 10 அடி அகலத்துக்கு இரண்டரை அங்குலம் கானின் பக்கம் சரித்துத்தான் ஏபிசியே போட்டார்.

பாதை வீதியோடு சேரும் இடத்தில் வீதிக் கானை மண்ணால் மூடிவிடலாம் என்கிறார். கூடாது. குழாயோ சிலாப்போ வேண்டும். பிரதேச சபை வீதியென்றால் அவர்களிடமும், ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 போன்ற வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் அனுமதி கேளுங்கள். மூடினால் முதல் மழைக்கு வீதித் தண்ணீர் முழுவதும் உங்கள் கேட்டுக்குத்தான் வரும்.

மழை மாதத்தில் திகதி குறிக்கிறார். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை கிடைக்கும். நுவரெலியாக் குளிரில் விடியற்காலையில் தொடங்க வேண்டாம், வெயில் ஏறட்டும்.

எமல்ஷன் தெளித்த கையோடு கலவையைக் கொட்டுகிறார். எமல்ஷன் தெளிக்கும்போது மண்ணிறமாக இருக்கும், தண்ணீர் பிரிந்து போனதும் கறுக்கும். முழுவதும் கறுத்த பிறகுதான் கலவை. ‘கறுத்ததா?’ என்று கேட்டுக்கொண்டே நில்லுங்கள், எரிச்சல்பட்டால் படட்டும்.

முழுப் பணமும் முன்னாலேயே கேட்கிறார். பொருளுக்கு முன்பணம் நியாயம். அடித்தளம் முடிந்ததும் நீங்கள் அளந்து, நாடாவோடு படம் எடுத்த பிறகு ஒரு பங்கு. தார் முடிந்ததும் ஒரு பங்கு. பத்தில் ஒன்றை ஒரு மழைக்காலம் முடியும் வரை வைத்துக்கொள்வதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஆள் பெப்ரவரியில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஒக்டோபரில் வந்தார். நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு கானில் தண்ணீர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கேட்டோரம் அரித்திருந்த இடத்தில் இரண்டு வாளி கிறவல் கொட்டித் தட்டினார், தேத்தண்ணீர் குடித்தார், காசை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.